"ஸ்ரீதனம் கொடுத்தாச்சு, இனி பங்கில்லை"

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொத்து வைத்திருக்கிற அப்பாக்கள் எல்லோரும் காலாகாலத்தில் உயில் எழுதிவிட வேண்டும், எழுதிவிட்டால் பிள்ளைகளுக்குள் சண்டையே வராது என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எழுதட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சண்டை வராது என்கிறாரே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. குழித்துறை, பத்மநாபபுரம், இரணியல், நாகர்கோவில் என்று எந்தக் கோர்ட் வராந்தாவிலாவது ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள், மஞ்சள் பையோடு நிற்கிறவர்களில் உயில் கேஸுக்கு வந்தவர் ஒருத்தராவது இருப்பார். அதுவும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், என்னைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில், பல உயில்கள் எழுதப்படுவதே பெண்பிள்ளைகளைக் கழித்துவிடத்தான். இதை யாரும் வெளியே பேசுவதில்லை. நான் பேசலாம் என்று நினைக்கிறேன், வயதும் ஆகிவிட்டது, இனி யாருக்குப் பயப்பட.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்கிற வரைக்கும் நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். ராஜா ஆட்சி நடந்த அங்கே 1916-ல், அதாவது கொல்லம் ஆண்டு 1092-ல், கிறிஸ்தவர்களுடைய சொத்துக்கு என்று தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனால் மகளுக்கு என்ன கிடைக்கும் என்றால், மகனுடைய பங்கில் கால்வாசி, இல்லையென்றால் ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தால், கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தால்கூட, அந்தக் கால்வாசியும் கிடையாது. ஆரல்வாய்மொழி தாண்டி வள்ளியூர் பக்கம் போனால் அதே வேதப்புத்தகம், அதே பாட்டு, அதே ஜெபம், ஆனால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு, ஏனென்றால் அது பிரிட்டிஷ் இந்தியா. மலைக்கு இந்தப் பக்கம் பிறந்ததால் நாங்கள் கால்வாசிப் பிள்ளைகள். (இதே மண்ணில் நாயர் வீடுகளிலும் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளிலும் மருமக்கள் வழி இருந்ததும் எல்லோருக்கும் தெரியும், ஆகவே பெண்வழியில் சொத்து போவது நம்மூரில் கேள்விப்படாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த வழியில் பெண்கள் சுகமாக இருந்தார்களா என்பது வேறு கதை.)

1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம் நமக்கும் வந்துவிட்டது, அதில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. ஆனால் யார் கண்டுகொண்டார்கள்? பழைய சட்டம் செல்லும், செல்லாது என்று மெட்ராஸ் ஹைகோர்ட்டிலேயே இரண்டு விதமாகத் தீர்ப்பு வந்தது. கடைசியில் கோட்டயத்து மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை போய், 1986 பிப்ரவரியில்தான் விஷயம் முடிந்தது. 1951-லேயே அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டம் போய்விட்டது என்று தெளிவாகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு கேரளத்துக்கு மட்டும் உள்ளது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மார்த்தாண்டத்திலும் அருமனையிலும் இருக்கிறார்கள். பழைய திருவிதாங்கூர் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அது பொருந்தும், விளவங்கோடும் கல்குளமும் உட்பட.

சரி, சமபங்கு வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். அந்தச் சமபங்கு உயில் இல்லாமல் இறந்தவர்களின் சொத்துக்குத்தான். உயில் எழுதிவிட்டால் அப்பாவின் விருப்பம்தான் சட்டம், கிறிஸ்தவர்களுக்கு அதில் உச்சவரம்பே கிடையாது. மொத்தச் சொத்தையும் ஒரு மகனுக்கு எழுதலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் எழுதலாம். தக்கலை, தேங்காய்ப்பட்டணம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, அதைத் தாண்டினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். மகளுக்கு மகன் பங்கில் பாதிதான் என்றாலும், உயில் எழுதி அதைப் பூஜ்யமாக்கிவிட முடியாது. இந்துக்களுக்குப் பூர்வீகக் கூட்டுச் சொத்தில் 2005 முதல் மகளுக்கும் பிறப்புரிமை இருக்கிறது, அப்பா தன் பாகத்தை மட்டும்தான் உயில் எழுதலாம், ஆனால் அவர் சுயமாகச் சம்பாதித்தது என்றால் அங்கேயும் எங்கள் கதைதான். ஆக 1986-க்குப் பிறகு விஷயம் தெரிந்த அப்பாக்களும், அப்பாக்களைவிட விஷயம் தெரிந்த மகன்களும், பத்திரம் எழுதுகிறவரைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள்.

என் அப்பாவின் உயிலையே சொல்கிறேன். நாங்கள் இரண்டு ஆண், இரண்டு பெண். அப்பா குலசேகரம் பக்கம் பாறையும் முள்ளுமாகக் கிடந்த இடத்தை வாங்கி, கல் பொறுக்கி, குழி எடுத்து, ரப்பர் வைத்து ஆளாக்கியவர். அந்தச் சொத்து அவர் வியர்வை, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் இறந்து முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து, சபை ஐயரும் உறவுக்காரர்களும் கட்டங்காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு, இளைய தம்பி அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து வைத்தான். பதிவு செய்த உயில். எங்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வாக்கியம்: "என் பெண்மக்கள் இருவருக்கும் அவர்களுடைய விவாக காலத்தில் நகையாகவும் ரொக்கமாகவும் ஸ்ரீதனம் கொடுத்து அவர்களுடைய அவகாசத்தைத் தீர்த்துவிட்டபடியால், இனி என் சொத்துக்களில் அவர்களுக்கு யாதொரு உரிமையும் இல்லை."

இந்த வாக்கியத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அச்சடித்து வைத்ததுபோல ஊர் ஊராக இதே வாக்கியம்தான். என் அப்பா பேசுகிற பாஷை இது இல்லை, பங்குரிமைக்கு "அவகாசம்" என்று சொல்லி அவர் வாயில் நான் கேட்டதே கிடையாது. ஆனால் கீழே கையெழுத்து அவருடையதுதான்.

இந்த ஸ்ரீதனக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எனக்குக் கொடுத்த ரொக்கம் நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலைத் தட்டில் வைத்து மாமனார் கைக்குப் போனது. அதே வருஷம் என் நாத்தனார் கல்யாணத்துக்கு அதே பணம், கட்டுகூடப் பிரிக்காமல், அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அவர்களும் வீட்டில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இப்படி ஒரு வீட்டில்கூடத் தங்காமல் சுற்றிக்கொண்டே இருந்த பணத்தை என் பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நகையில் பாதி என் கணவர் வெளிநாட்டு விசாவுக்குப் போனது, அதைப் பற்றிப் புகார் இல்லை, குடும்பத்துக்குத்தான் ஆனது. ஆனால் தம்பிகளுக்கு வந்தது நிலம். நிலம் அங்கேயே இருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் விலை ஏறுகிறது, தினமும் பால் வெட்டலாம், கஷ்டம் வந்தால் பாங்கில் வைக்கலாம். அன்றைக்குக் கொடுத்த ரொக்கத்தையும் இன்றைய சென்ட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், அந்தப் பழைய கால்வாசிச் சட்டமே பரவாயில்லை என்று தோன்றும்.

இன்னொன்று. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கொடுத்தாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். அப்படியிருக்க, ஸ்ரீதனமாக ரொக்கம் கொடுத்தேன் என்று ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகளும் போட்டு, அரசாங்க ஆபீஸில் அதைப் பதிவும் செய்கிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் என் கோபம் எங்கள் பங்கைப் பற்றியது மட்டும் இல்லை. அம்மாவைப் பற்றி உயிலில் இருந்தது இவ்வளவுதான்: "என் மனைவியை இளைய மகன் ஆயுள்வரை சம்ரட்சிக்க வேண்டியது." சம்ரட்சிக்காவிட்டால், அதாவது பார்த்துக்கொள்ளாவிட்டால், என்ன என்று இல்லை. அவள் பேருக்கு ஒரு சென்ட் இல்லை, ஒரு தென்னை மரம் இல்லை, அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து படுத்து எழுந்த அறையில் ஆயுள்வரை இருக்கலாம் என்று ஒரு வரி இல்லை. அப்பா உயிலே எழுதாமல் போயிருந்தால் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு தானாக வந்திருக்கும், மீதி இரண்டு பங்கு நாலு பிள்ளைகளுக்கும் சமமாக. உயில் எழுதியதால் போனது அது. அம்மா இப்போது யார் வீட்டில் இருக்கிறாள் தெரியுமா? அவகாசம் தீர்ந்துபோன மூத்த மகள் வீட்டில்தான். இளையவனுக்கும் அவன் மனைவிக்கும் வேலை திருவனந்தபுரத்தில், குடும்ப வீடு பூட்டிக் கிடக்கிறது. 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம், எங்களுக்கு பத்மநாபபுரம் சப்-கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான். அம்மாவிடம் சொன்னேன். "பெத்த பிள்ளைக்க மேல கேஸா மக்களே? நாளைக்கு நான் கோயிலுக்குப் போண்டாமா?" என்றாள். அதற்கு மேல் என்ன பேச.

சண்டை வராது என்று எழுதினாரே அந்த வாசகர், அவருக்காக மீதியையும் சொல்கிறேன். எங்களைக் கழித்தாச்சு, இரண்டே பேர், தெற்குப் பாகம் மூத்தவனுக்கு, வடக்குப் பாகமும் குடும்ப வீடும் இளையவனுக்கு. சுபம்தானே? ரோடு இருப்பது வடக்கே. தெற்குப் பாகத்துக்கு எப்படிப் போவது என்று உயிலில் இல்லை. அப்பா காலத்தில் எல்லாம் ஒரே விளை, அதாவது ஒரே தோட்டம், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது, ஷீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது மூத்தவனுக்குக் குட்டியானை வண்டி உள்ளே போக வேண்டும். இளையவன் கயிறு கட்டிவிட்டான். கிணறு வடக்கே, மோட்டார் மூத்தவன் வாங்கிப் போட்டது, கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் அப்பா பேரில். அதற்கு மேல், உயிலில் போட்ட சர்வே நம்பர் மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரப் பத்திரத்தைப் பார்த்து எழுதியது, நிலத்தை மறுபடி அளந்த ரீசர்வேக்குப் பிறகு வந்த நம்பர் வேறு, பட்டா மாற்றப் போன இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேஸ் போட்டாச்சு. வழி முன்பு எங்கே இருந்தது என்று சாட்சி சொல்ல மூத்த தம்பி என்னைத்தான் கூப்பிட்டான், "அக்கா, நீ சொன்னா கோர்ட்ல எடுப்பாங்க" என்று. பங்குக்கு ஆகாத அக்கா சாட்சிக்கு ஆகிறாள் பாருங்கள். போய்ச் சொன்னேன், இருந்ததைச் சொன்னேன்.

இதனால் எல்லாம் உயிலே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்து எழுதினால் அதைப் போல வசதி கிடையாது. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எழுதுகிறவர் கையெழுத்து, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள், இது போதும். சாட்சிகள் எழுதுகிறவரைவிட இளையவர்களாக, ஊரில் இருக்கிறவர்களாக இருக்கட்டும், நாளைக்குக் கேஸ் வந்தால் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சொத்து கிடைக்கிறவரோ அவருடைய மனைவி அல்லது கணவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் "வீட்டு ஆள்தானே" என்று மருமகளைப் போடச் சொல்லி, மகனுக்கு எழுதியது அப்படியே போயிற்று. மனைவி இறந்து மறுமணம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும்.

பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றிதழில் வராது என்பது பலருக்குத் தெரியாது, அதற்குத் தனிப் புத்தகம். எழுதினவர் உயிரோடு இருக்கிறவரை அதன் நகலை அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ தவிர வேறு யாருக்கும் தரமாட்டார்கள். அப்பாவுக்கு இது பாதுகாப்பு, சரிதான். ஆனால் கூட இருக்கிற ஒரு மகன், அப்பாவை வண்டியில் ஏற்றி ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கூட்டிப்போய், கூட்டிவந்து, கவரைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்ள வசதியாக இருப்பதும் இதுதான். உயிலால் லாபம் அடைகிறவரே முன்னின்று எழுத வைத்தால் அது சந்தேகத்துக்கு இடமானது, அந்தச் சந்தேகத்தை அவர்தான் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லியிருக்கிறது. அதற்கு நாம் கோர்ட் ஏற வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும், கூடப்பிறந்தவனைக் கூண்டில் ஏற்ற வேண்டும். நானும் தங்கச்சியும் ஏறவில்லை. அம்மா உயிரோடு இருக்கிறாள்.

அதனால் எழுதுகிற அப்பாக்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், எழுதியதை நீங்கள் இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். கிறிஸ்துமஸுக்கோ ஓணத்துக்கோ எல்லோரும் வருகிறார்கள் அல்லவா, அன்றைக்கு. மகள் முகத்தைப் பார்த்து "உனக்கு ஸ்ரீதனம் கொடுத்தாச்சு" என்று வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். என் அப்பாவால் முடிந்திருக்காது, எனக்குத் தெரியும். முடியாவிட்டால் அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று அங்கேயே பேசிவிடலாம். முழுச் சமபங்கு கொடுக்க மனம் வராவிட்டால்கூட, மகளுக்கு ஐந்து சென்டாவது எழுதுங்கள், கட்டியவன் வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் கூரை போட்டு உட்கார. மனைவிக்கு வீட்டில் ஆயுள் உரிமையும் விளையின் வருமானத்தில் ஒரு பங்கும், அவள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுத சட்டத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. கூடவே வழியின் அகலம், கிணறு, மோட்டார், மதில், எல்லாவற்றையும் எழுதுங்கள். வாசித்த பிறகு மனம் மாறினால் மாற்றலாம், சாகிற வரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும், கடைசியாக எழுதியதுதான் செல்லும். தானசெட்டில்மென்ட் அப்படி இல்லை, எழுதினால் அன்றைக்கே கைவிட்டுப் போய்விடும். திரும்ப வாங்க வேண்டுமானால் அதே ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற வேண்டும், பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால்தான் அங்கேயும் காரியம் சுலபம்.

நானும் கணவரும் எங்கள் வீட்டுக்கும் சிறிய தென்னந்தோப்புக்கும் எழுதி, போன ஈஸ்டருக்கு மூன்று பிள்ளைகள் முன்னாலும் வாசித்தோம். மூத்த மருமகளுக்கு முகம் சுருங்கியது. மகள் "எனக்கு வேண்டாம் அம்மா, அண்ணன்மார் வருத்தப்படுவாங்க" என்றாள், அதற்கு அவளைத்தான் முதலில் திட்டினேன். சின்னவன் மட்டும் கிணற்றுக்கு வரும் வழியை ஏன் இரண்டு மீட்டர் என்று எழுதினீர்கள், மூன்று போடுங்கள் என்றான். நியாயமாகப் பட்டது, மூன்று போட்டோம்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று அவரவர் சட்டப்படி உயில் எப்படி எழுதுவது, உயில் இல்லாவிட்டால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு நல்ல வக்கீலைக் கொண்டு எளிய தமிழில் எழுத வைத்துப் போடுங்கள், மனைவிக்கு ஆயுள் உரிமை எழுதும் மாதிரி வாசகத்தோடு. ஞாயிறு இணைப்பில் சமையல் குறிப்புக்கு ஒதுக்குகிற இடத்தில் பாதி போதும். வெட்டி எடுத்து எங்கள் ஊர் பத்திரம் எழுதுகிறவர் மேசையில் நானே கொண்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.